யாழும் பாஞ்சோவும்: பழம்பாடல் வாழும் வகை பற்றி அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பழம்பாடல் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது எனின், கிடைத்தது யாது என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும். சொற்கள் கிடைத்தனவா, பண் கிடைத்ததா, அப்பண்ணை எழுப்பிய கருவியும் அதனை மீட்டிய கையின் பழக்கமும் கிடைத்தனவா எனப் பகுத்துக் காண்போமாயின், தமிழ்ப் பழஞ்செல்வத்துள் நம்பால் எஞ்சி நிற்பது பெரும்பாலும் சொல்லே என்பது புலனாகும். ஏடு சொல்லைக் காத்தது. பண்ணை ஏடு காக்கவில்லை. பண் எங்கேனும் பிழைத்தது எனின், அது பாடுவோர் மிடற்றிலும் மீட்டுவோர் விரலிலுமே பிழைத்தது.

இவ்வுண்மையை விளக்க இரண்டு கருவிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஒப்பு நோக்குகின்றது. ஒன்று, நம் பாணர் கையிலிருந்து மறைந்த யாழ். மற்றொன்று, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் அமெரிக்க மண்ணில் வாழவைத்த பாஞ்சோ. இன்றும் அமெரிக்க நாட்டார் தம் பழைய நாட்டுப் பாடல்களைப் பாஞ்சோவில் மீட்டி வருகின்றனர். நம் பழம்பாடல்களை யாழில் மீட்டுவார் மரபோ அறுந்து போயிற்று. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிதல், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் நாட்டுப் பாடல் தொகுக்கப் புகுவோர்க்கு இன்றியமையாதது என்பது எம் கருத்து.

நிலமும் பாட்டும்

முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாய் இருந்த பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2007 முதல் தனி மாவட்டமாக நிலைபெற்றுள்ளது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்நிலம் பாடல் பெற்ற நிலம். கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடி தேவார மூவராலும் பாடப்பெற்றது. கீழப்பழுவூரைச் சம்பந்தர் பாடினார். கோவிந்தபுத்தூரில் உள்ள திருவிசயமங்கையைச் சம்பந்தரும் அப்பரும் பாடினர். கங்கைகொண்ட சோழீச்சரத்தின்மீது கருவூர்த்தேவர் பாடியது ஒன்பதாம் திருமுறையுள் அடங்கும். அப்பாடலுக்குத் திருவிசைப்பா என்பதே பெயர். இசையோடு கூடிய பா என்பது பெயரிலேயே விளங்கக் கிடக்கின்றது.

கோயிற் பாடல் ஒருபுறம் இருக்க, ஊர்ப்புறத்துப் பாடல்களும் இங்குப் பல. நடவிலும் களையெடுப்பிலும் பாடுவன, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என அவை விரியும். அம்மன் வழிபாட்டில் உடுக்கையும் பம்பையும், சாவிலும் விழாவிலும் பறையும் ஒலிக்கக் கேட்கின்றோம். இவையாவும் தோற்கருவிகள். பாட்டுக்குத் துணையாக நரம்புக் கருவி ஏந்தியவர் ஒரு காலத்தில் தமிழகமெங்கும் நடந்தனர் என்பதற்கு இலக்கியம் சான்று பகர்கின்றது. அவர் சென்றவிடம் எங்கே என்பதே நம் ஆராய்ச்சிக்குரியது.

பொருநன் யாழும் இடையன் யாழும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணிக்கின்றது. மானின் குளம்பு பதிந்த தடம்போல நடுவே பிளவுபட்டு இருபுறமும் உயர்ந்த பத்தல், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், நண்டின் கண்ணை ஒத்த ஆணிகள், படமெடுத்த பாம்பென நிமிர்ந்த கோடு என்று அவ்வருணனை செல்கின்றது. ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டுவது போர்வைத் தோலை. யாழின் ஒலி, குடைந்த பத்தலின்மேல் இறுகக் கட்டிய தோலின் அதிர்வால் பெருகியது. நரம்புக் கருவியாயினும் அதன் வயிறு தோற்கருவிக்குரிய வயிறே.

பெரும்பாணாற்றுப்படை வேறொரு காட்சியைக் காட்டுகின்றது. ஆனிரை மேய்க்கும் இடையன் குழல் ஊதிச் சலித்தபின், குமிழ மரத்தின் உட்டுளை உடைய கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண்ணை இசைக்கின்றான். அவனுக்கு அரசர் பரிசில் இல்லை. கருவி செய்து கொடுக்கும் தச்சனும் இல்லை. காட்டிலுள்ள கொம்பும் நாரும் போதுமாயின. யாழ் பாணர்க்கே உரிய அரும்பொருளாக மட்டும் இருந்ததில்லை, மேய்ச்சல் நிலத்து இளைஞன் தானே செய்து மீட்டும் எளிய கருவியாகவும் இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இங்ஙனம் உயர்ந்தோர் அவையிலும் காட்டுப் புறத்திலும் ஒருங்கே வாழ்ந்த கருவி, பிற்காலத்தில் இரண்டிடத்தும் இலதாயிற்று. அதன் இடத்தை வீணை கொண்டது. யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்திற்கு உரியது. வீணையிலோ ஒரே நரம்பை வெவ்வேறிடத்து அழுத்திப் பல சுரங்களையும் அவற்றின் அசைவுகளையும் எழுப்பலாம். கருவி மாறியமைக்கு இது ஒரு காரணமாகலாம். இதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு. அதனைக் காணப் பாணர் ஒருவரின் வரலாற்றுக்குச் செல்வோம்.

எருக்கத்தம்புலியூர்

விருத்தாசலத்திலிருந்து சயங்கொண்டம் செல்லும் வழியில், இற்றைக் கடலூர் மாவட்டத்து எல்லைக்குள், இராசேந்திரப்பட்டினம் என்னும் ஊர் உளது. தேவாரம் வழங்கும் அதன் பழம்பெயர் திருவெருக்கத்தம்புலியூர். அரியலூர் மாவட்டத்துக்கு அணித்தாக உள்ள இவ்வூரே திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். அவர் சம்பந்தரோடு தலந்தோறும் சென்று, அவர் பதிகங்களை யாழில் இசைத்தார். மனைவியார் மதங்கசூளாமணியார் உடன் பாடினார்.

பெரியபுராணம் இவரைப் பற்றிக் கூறும் மூன்று செய்திகள் நம் ஆய்வுக்கு உரியன. மதுரையில் இவர் கோயில் வாயிலில் நின்றே இசைத்தார். இறைவன் ஆணையால் அடியார் இவரை உள்ளே அழைத்துச் சென்றனர். தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளரும் என்று பலகை இடப்பட்டது. புராணத்தின் தெய்வச் செய்தியை ஒருபுறம் வைத்து நோக்கினும், இரண்டு உண்மைகள் எஞ்சும். ஒன்று, பாணர் குலத்தார் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பது. மற்றொன்று, ஈரம் பட்டால் சுருதி கெடும் தோலும் நரம்பும் உடைய கருவியின் இயல்பைச் சேக்கிழார் நன்கு அறிந்திருந்தார் என்பது.

இரண்டாவது செய்தி, சாத்தமங்கையில் அந்தணராகிய திருநீலநக்கர் இல்லத்தில் நிகழ்ந்தது. பாணர்க்குத் தங்க இடம் தருமாறு சம்பந்தர் கேட்ப, அவர் வேள்வித் தீ வளர்க்கும் இடத்தின் அருகிலேயே இடம் தந்தார். இது வியப்புக்குரியதாகப் பாடப்பெற்றதிலிருந்தே, வழக்கம் இதற்கு மாறாயிருந்தது என்பது பெறப்படும்.

மூன்றாவது செய்தி தருமபுரத்தில் நிகழ்ந்தது. சம்பந்தர் பதிகத்தின் புகழ் யாழினாலேயே பரவியது என்று பாணரின் சுற்றத்தார் கூறினர். அது கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத பதிகம் ஒன்று பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறு பாடியது யாழ்மூரி எனப்பட்டது. அதனை இசைக்க இயலாத பாணர் யாழை முறிக்க முயல, சம்பந்தர் தடுத்து, இயன்ற அளவு இசைக்குமாறு பணித்தார். யாழ் வீழ்ச்சியுறத் தொடங்கிய காலத்தின் நிழல் இக்கதையிற் படிந்துளது எனக் கொள்வது தவறாகாது.

யாழ்ப்பாணரின் மரபு அவரோடு முடிந்துவிடவில்லை. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருமுறைகண்ட புராணம், தில்லையில் ஏடுகள் கண்டெடுக்கப்பட்ட வரலாற்றைக் கூறுகின்றது. ஏடு கிடைத்தது. பண் கிடைக்கவில்லை. மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எருக்கத்தம்புலியூர் சென்று, யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியைக் கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுப்பித்தனர் என்பது அந்நூற் செய்தி. அம்மன்னனை முதலாம் இராசராசன் எனப் பலரும் கருதுவர். பல்லவர் காலத்திலேயே கோயில்களில் திருப்பதியம் பாட நிவந்தம் இருந்தமையின், பாடுமுறை அடியோடு அழிந்திருந்தது எனக் கொள்ளுதல் அரிது. ஆகவே இதனை எழுத்துக்கு எழுத்து வரலாறாகக் கொள்ளாது, மரபின் நினைவாகக் கொள்க. அந்நினைவு கூறும் கருத்தோ மறுக்கவொண்ணாதது. மன்னனிடம் அதிகாரம் இருந்தது. நம்பியிடம் புலமை இருந்தது. ஏட்டில் சொல் இருந்தது. பண்ணோ ஊர்ப்புறத்துப் பாணர் குலப் பெண்ணிடம் இருந்தது. அவள் பெயரைக்கூட நூல் குறிக்கவில்லை.

இதன்பின் நிகழ்ந்ததைத் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு காட்டுகின்றது. இராசராசன் அங்குத் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மரையும், அவர்க்குத் துணையாக உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டி மத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக ஐம்பதின்மரை அமர்த்தினான். அக்கோயிலில் வேறு இசைவாணர் பலரும் பணிபுரிந்தனர். ஆயினும் பதியம் பாடும் குழுவுக்கு வகுத்த கருவிகள் இரண்டும் தோற்கருவிகளே. பாணர் மரபு தந்த பண் கோயிலுக்குள் புகுந்தது. பாணரின் யாழ் அக்குழுவில் இடம்பெறவில்லை.

கடல் கடந்த ஒப்புமை

இனிப் பாஞ்சோவை நோக்குவோம். இன்று ஆலையிற் செய்யப்படும் பாஞ்சோவைக் கண்டோர் அதனை மேலைநாட்டுக் கருவி என்றே கொள்வர். அதன் பிறப்பு அன்னதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின்மேல் தோல் போர்த்து நரம்பு கட்டிய கருவிகள் பலவுண்டு. செனகல், காம்பியா பகுதிகளில் வாழும் சோலா இனத்தாரின் மூன்று நரம்புடைய அக்கோண்டிங் அவற்றுள் ஒன்று. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோர் கருவிகளைக் கையிற் கொண்டு செல்ல இயலாவிடினும், செய்முறையை நினைவிற் கொண்டு சென்றனர். கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் கிடைத்த சுரையையும் தோலையும் கொண்டு புதிய கருவியைச் செய்துகொண்டனர். குமிழங்கொம்பும் மரல் நாரும் கொண்டு யாழ் செய்த நம் இடையனை ஈண்டு நினைத்தல் தகும்.

1687 முதல் 1689 வரை சமைக்காத் தீவிற்குச் சென்று தங்கிய ஆன்சு சுலோன் என்னும் மருத்துவர், அங்குக் கேட்ட அடிமை மக்களின் பாடல்களைப் பப்திசுட்டு என்பவரைக் கொண்டு இசைக்குறிப்பில் எழுதுவித்தார். 1707இல் வெளியிட்ட நூலில் அக்குறிப்புகளையும் அக்கருவிகளின் படத்தையும் சேர்த்தார். 1770களில் சுரினாமில் சுட்டெட்மன் என்பவர் தேடிப்பெற்ற கருவி இலெய்டன் நகர அருங்காட்சியகத்திற்குச் சென்று சேர்ந்தது. 1841இல் எயிட்டியிலிருந்து விக்தர் செல்சர் கொண்டுசென்ற கருவி பாரிசு இசை அருங்காட்சியகத்தில் உளது. ஆகவே பழைய பாஞ்சோவின் வடிவம் ஊகத்திற்கு விடப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வர்சீனியாவைச் சார்ந்த சோயல் சுவீனி முதலிய வெள்ளையர் இக்கருவியை மேடைக்குக் கொண்டு வந்தனர். அம்மேடையில் வெள்ளையர் முகத்திற் கருமை பூசிக் கறுப்பின மக்களை எள்ளி நகையாடினர் என்பது வெட்கத்திற்குரிய வரலாறு. கருவி புகழ்பெற்றது. அதனைப் படைத்தவர் இழிவு பெற்றனர். எனினும் மேடைக் கூத்தரும் கறுப்பின மக்களிடமிருந்தே கைப்பழக்கத்தைக் கற்றனர். 1855இல் வெளிவந்த பிரிக்சு என்பாரின் பாஞ்சோப் பயிற்சிநூல் அக்கைமுறையை எழுத்திற் பதிந்தது. விரல் நகத்தின் புறத்தால் நரம்பை மேலிருந்து கீழ்நோக்கி அடித்தல், உடனே பெருவிரலால் குறுநரம்பைத் தொட்டு ஒரே சுரத்தை இடையறாது ஒலிப்பித்தல் என்பது அதன் இயல்பு. மேலைநாட்டுப் பழம்பாடற் கலைஞர் இன்றும் இம்முறையைக் கையாள்கின்றனர். அக்கோண்டிங்கிலும் இதனையொத்த கைமுறையே வழங்குகின்றது. பழைய பாஞ்சோவின் கழுத்தில் சுரத்தடைகள் இல்லை. விரல் வழுக்கிச் செல்ல இடமிருந்தது. கன்றின் தோல் போர்த்திருந்தமையால் ஈரக்காற்றில் அது தளர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் பிளாசுட்டிக் போர்வை வந்த பின்னரே இக்குறை நீங்கிற்று. மதுரையில் யாழுக்குப் பலகை இட்டார் இதனை எளிதில் உணர்வர்.

1920களில் இசைத்தட்டு நிறுவனத்தார் ஊர்ப்புறத்துப் பாடகரைத் தேடிப் பதிவுசெய்தனர். 1928இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் நாட்டுப்பாடற் காப்பகம் தொடங்கப்பெற்றது. இத்தனைக்குப் பின்னும் கறுப்பின மக்களிடையே பாஞ்சோ மரபு அருகிப் போயிற்று. 2005இல் வட கரோலினாவில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர் மாநாடு நடந்தது. அதன்பின் இளைஞர் சிலர், சோ தாம்சன் என்னும் எண்பது கடந்த பிடில் கலைஞரின் இல்லத்திற்கு வாரந்தோறும் சென்று கற்றனர். 1918இற் பிறந்த அவர் 2012இல் மறைந்தார். அவரிடம் பயின்ற கரோலினா சாக்கலேட்டு திராப்சு என்னும் குழுவினர் வழியாக அப்பாடல்கள் உலகெங்கும் கேட்கப்பெற்றன. இசைக்குறிப்பும் இசைத்தட்டும் காப்பகமும் இருந்தும், கைப்பழக்கத்தைக் கற்க ஒரு முதியவரின் வீட்டு வாயிலுக்கே செல்ல வேண்டியிருந்தது. இதுவே அவர்தம் எருக்கத்தம்புலியூர்.

உடையார்பாளையமும் அரியலூரும்

சொல்லும் பண்ணும் நம்மிடையே பிரிந்த வகையை அறிய, மீண்டும் நம் பகுதிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடையார்பாளையம் சமீன் இசைக்குப் புகலிடமாய் இருந்தது. கனம் கிருட்டிணையர் அவ்வவையில் விளங்கினார். வேங்கடசுப்பையர் என்பவர் அவரிடம் உடனிருந்து இசை பயின்றார். அவ்வேங்கடசுப்பையரின் மகனே 1855இற் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர். இளமையில் அவர் அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் பயின்றார். ஆகவே இம்மண் அவர்க்கு இசை மணமும் இலக்கண அறிவும் ஒருங்கே ஊட்டிய மண்.

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்கச் சென்ற காலத்தில், தந்தையார் விருப்பப்படி கோபாலகிருட்டிண பாரதியாரிடம் இசையும் கற்கத் தொடங்கினார். ஆசிரியர் அதனை விரும்பாமை அறிந்து இசைப் பயிற்சியைக் கைவிட்டார். இதனை என் சரித்திரத்தில் அவரே மறையாது எழுதியுள்ளார். ஈண்டு யாரையும் குறை கூறுதல் எம் நோக்கமன்று. இயற்றமிழில் ஆழ்வார்க்கு இசைத்தமிழ் இடையூறு என்ற எண்ணம் அக்காலப் புலமை உலகில் இருந்தது என்பதே நாம் அறியத்தக்கது. அந்த மாணவரே 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். பொருநன் யாழின் வருணனை அச்சேறித் தமிழர் அனைவர்க்கும் கிடைத்தது. அவ்வருணனையைக் கையிலுள்ள கருவியோடு ஒப்பிட்டுக் காட்டவல்ல பாணர் எவரும் அன்று இலர்.

யாழின் வடிவையும் பண்ணையும் நூற்சான்றும் கணிதமும் கொண்டு மீட்க முயன்றவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய விபுலானந்த அடிகள். அவருடைய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பெருமுயற்சியின் விளைவாகிய அந்நூல், மரபு அறுந்தபின் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்கும் சான்றாய் நிற்கின்றது.

நம் தொகுப்பு முறையும் அதன் குறையும்

1958இல் கி. வா. சகந்நாதனின் மலையருவியும் 1964இல் நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப் பாடல்களும் வெளிவந்து நாட்டுப் பாடலாய்வுக்கு வழிவகுத்தன. அம்முன்னோர்க்கு நாம் கடப்பாடு உடையோம். எனினும், ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ள இந்நாளிலும், சொல்லை மட்டும் எழுதிக்கொண்டு பாடலைத் தொகுத்தோம் என்று கூறும் வழக்கம் நம் தமிழ்த்துறைகளை விட்டு நீங்கவில்லை.

இக்குறையினின்று யாமும் நீங்கியவர் அல்லேம். பல ஆண்டுகட்கு முன் உடையார்பாளையம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிற்கு மாணவரோடு சென்று, முதிய பெண்மணி ஒருவரிடம் நடவுப் பாட்டைச் 'சொல்லுமாறு' கேட்டோம். அவரால் இரண்டடிக்குமேற் சொல்ல இயலவில்லை. "பாட்டைப் பாடலாம் சாமி, சொல்ல எப்படி முடியும்?" என்றார். பின்னர்க் குனிந்து நாற்று ஊன்றுவதுபோற் கையை அசைத்துப் பாடத் தொடங்கியதும் பாட்டு மடைதிறந்தாற்போல வந்தது. மாணவர் சொற்களை விரைந்து எழுதினர். யாமும் அவ்வேட்டைச் சிறந்ததெனப் பாராட்டினோம். பண்ணையும் கையசைவையும் எவரும் குறிக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றபோது அவர் இல்லை. அவ்வேடு இன்றும் எம்மிடம் உளது. அதனைக்கொண்டு அப்பாட்டைப் பாட எம்மாற் கூடவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீண்ட கல்மரம் கிடக்கின்றது. மரத்தின் வடிவம் அதில் உண்டு. உயிர் இல்லை. பண் நீங்கிய பாட்டேடும் அத்தகையதே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகள் இவை. பாஞ்சோ வாழ்ந்தமைக்குக் காரணம் அது யாழினும் சிறந்த கருவி என்பதன்று. இரண்டும் தோல் வயிறு உடையன. இரண்டும் எளியோர் கையிற் கிடந்தன. இரண்டையும் ஏந்தியோர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பாஞ்சோவுக்கோ அதன் படமும் இசைக்குறிப்பும் கைமுறையும் உரிய காலத்தில் பதியப்பெற்றன. இறுதியாக, மீட்டுவார் உயிரோடிருந்தபோதே கற்பார் தேடிச் சென்றனர். யாழுக்கு வருணனை மட்டும் எஞ்சியது. வருணித்தாரைப் போற்றிய நாம் மீட்டினாரை மறந்தோம்.

ஆதலின், இப்பகுதியில் பாடல் தொகுக்கச் செல்வோர், சொல்லோடு ஒலியையும், ஒலியோடு தொழிலின் அசைவையும் பதிதல் வேண்டும். உடுக்கையோ பம்பையோ துணையாயின், அதன் மரம், தோல், கட்டு, காய்ச்சும் முறை, அடிக்கும் கை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். பாடியவர் இசைவு தருவாராயின் அவர் பெயரைப் பாட்டின் தலையில் எழுதுதல் வேண்டும். பதிவின் படி ஒன்றை அவ்வூரார்க்கே திருப்பி அளித்தலும் நம் கடன். எல்லாவற்றினும் மேலாக, மாணவருள் ஒருவரேனும் அப்பாட்டைப் பாடவும் அக்கருவியை வாசிக்கவும் கற்றுத் திரும்புதல் வேண்டும்.

நடவு இயந்திரம் வயலுக்கு வந்தபின் நடவுப் பாட்டுக்குரிய வேளை சுருங்கி வருகின்றது. அப்பாட்டு அறிந்தோர் பெரும்பாலும் முதியோர். மன்னனும் நம்பியும் எருக்கத்தம்புலியூர் சென்றபோது, அங்கே பாட ஒருத்தி இருந்தாள். நாம் செல்லும் ஊர்களிலும் இன்று அத்தகையோர் சிலர் உளர். காலந்தாழ்த்தாது சென்று, இம்முறை அவர் பெயரையும் எழுதி வருவோமாக.